டிசம்பர் சீசனும் சபைக்கு ஒரே நிறச் சேலையும்: கவுண்டரில் நிற்கிற நான் என்ன செய்யட்டும்?

ஜவுளிக்காரன், பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது என் மூத்த மகளே பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன். பாடகர் குழுவில் பேஸ் குரல் பாடுவேன், டிசம்பர் மாதம் தவிர.

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸ் சீசன் தொடங்கிவிடும். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர், இடையன்குடி என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாகத் துணி எடுக்க வந்து இறங்குவார்கள். எங்களுக்கு வார விடுப்பு கிடைக்காது. கடையை அடைத்து, கலைந்து கிடக்கும் சேலைகளை மடித்து அடுக்கிவிட்டு வீடு வந்து சேர இரவு 11 மணி தாண்டிவிடும். கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வெந்து ஞாயிறு நான்கும் எனக்கு இப்படியே போய்விடுகின்றன. படுக்கும் முன் வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்பதில்லை. கேரல்ஸ் குழுவினர் நள்ளிரவில் வாசலில் வந்து பாடும்போது என் மனைவிதான் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள்.

அலுப்பைத் தாங்கிக்கொள்ளலாம். வேலையின் உள்ளேயே ஒன்று என்னை உறுத்துகிறது. ஒரு அம்மா வந்து 800 ரூபாயில் சேலை காட்டுங்கள் என்று கேட்பார்கள். உடனே 800 ரூபாய்ச் சேலையை எடுத்துப் போடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். முதலில் 1,500இல் இரண்டை விரிக்க வேண்டும். முந்தானையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்ட வேண்டும். மகள் கூட வந்திருந்தால் அவள் தோளில் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு 800 ரூபாய்ச் சேலையை எடுத்துப் போட்டால் அது கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். வந்தவர்கள் தாங்களாகவே மேலே போய்விடுவார்கள். தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிட்டால் அதற்குத் தனியாக இன்சென்டிவ் உண்டு.

போன மாதம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். பீடி சுற்றுகிற கை என்பது விரல்களைப் பார்த்ததுமே தெரிந்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம், குழுவில் கடன் எடுத்து வந்திருந்தார்கள். 900 ரூபாயில் மயில்கழுத்து நிறச் சேலை ஒன்று அவர்கள் கையில் இருந்தது. நல்ல நெசவு, சாயமும் போகாது. ‘இதையே எடுங்கள் அம்மா, பிள்ளைக்கு எடுப்பாக இருக்கும்’ என்று சொன்னேன். எனக்குப் பின்னால் ஃப்ளோர் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மா பில் போடப் போனதும், 2,400 ரூபாய்ச் சரக்கை ஏன் விரிக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவரும் பொல்லாதவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர் மாலையில் அவரிடம் கணக்குக் கேட்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் துணி பிடிக்கும். கையில் வாங்கியதுமே இது எந்த ஊர் நெசவு, எத்தனை துவைப்புக்கு நிற்கும் என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பெண்ணுக்குப் பொருத்தமான சேலை அமைந்து, அவளுடைய பாட்டி முகம் மலர்கிறபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. ஆகவே இந்தத் தொழிலைச் சபித்துப் பேச என் நாக்கு வராது.

இப்போது சபை விஷயம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் இந்தக் கிறிஸ்மஸுக்கு எல்லோரும் ஒரே சேலை உடுத்துவதென்று முடிவு செய்திருக்கிறது. ஏறக்குறைய 90 பேர். மெரூன் நிறம், பொன்னிறக் கரை, 1,350 ரூபாய். மொத்தமாக எடுத்தால் கடையில் தள்ளுபடி உண்டு. எனக்கும் நல்ல இன்சென்டிவ் வரும். ‘நீங்கள்தான் முடித்துத் தர வேண்டும்’ என்று தலைவி அம்மா என்னிடம் உரிமையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் 1,350 ரூபாய் கட்ட முடியாதவர்கள் அந்த 90 பேரில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கிறார்கள். ஆலயம் பெருக்குகிற அம்மா என்னிடம், ‘இந்த வருடம் பவனிக்கு வரவில்லை தம்பி, கால் வலிக்கிறது’ என்றார்கள். கால்வலி காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வசதியுள்ள சிலர், இல்லாதவர்களுக்குத் தாங்களே வாங்கித் தருவதாக முன்வந்து, யார் யார் இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அந்தப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

மனிதரின் ஆசையைத் தூண்டிவிட்டுச் சம்பளம் வாங்குகிற வேலையில் இருந்துகொண்டு விசுவாசத்தில் வளர முடியுமா? இந்தச் சேலை ஆர்டரை நான் என்ன செய்யட்டும்? ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆயத்தமாயிரு

சகோதரரே, ‘தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது’ என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் மனச்சாட்சி பேசுகிறது; அதை அடக்காதீர்கள். அந்த வேலையிலிருந்து வெளியே வாருங்கள். வரி வசூலித்த மத்தேயு ஆயத்துறையை விட்டு எழுந்து வந்ததுபோல எழுந்து வாருங்கள். கர்த்தர் வேறு வாசலைத் திறப்பார்.

கிராமச் சேகரத்துக் குருவானவர்

தம்பி, மேலே எழுதிய சகோதரரின் வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் தகப்பனைப் பார்த்து வேலையை விடு என்று அத்தனை எளிதாக நான் சொல்ல மாட்டேன். மத்தேயு எழுந்து வந்தது உண்மை. அவனைப் போலவே வரி வாங்கிய சகேயு எழுந்து வந்ததாக எழுதியிருக்கவில்லை என்பதும் உண்மை. அவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்தது.

லூக்கா 3ஆம் அதிகாரத்தை அட்வெந்து நாட்களில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். நீங்கள் கேட்கிற கேள்வியை யோர்தான் கரையில் மூன்று கூட்டத்தார் கேட்டார்கள். ஜனங்கள் கேட்டார்கள், ஆயக்காரர் கேட்டார்கள், போர்ச்சேவகர் கேட்டார்கள். யோவான்ஸ்நானன் மென்மையான ஆள் அல்ல. விரியன்பாம்புக் குட்டிகளே என்றுதான் பேச்சையே தொடங்குகிறான். அப்படிப்பட்டவன் ஆயக்காரனிடம் ஆயத்துறையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்கிறான். சேவகனிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, உன் சம்பளமே போதுமென்று இரு என்கிறான். ஜனங்களிடம் அவன் சொன்னது உங்கள் தொழிலைப் பற்றிய வார்த்தை: ‘இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்.’ மனந்திரும்புதலின் கனி எது என்று கேட்டவர்களுக்கு அவன் முதலில் காட்டியது அலமாரியைத்தான்.

பிலிப்பியில் பவுலின் வார்த்தையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்ற லீதியாள் தியத்தீரா ஊராள், இரத்தாம்பரம் என்ற ஊதாச் சிவப்புத் துணி விற்கிறவள். அந்தக் காலத்து இரத்தாம்பரம் சாதாரண ஜனங்கள் உடுத்துகிற துணி இல்லை. பணக்காரரும் பதவியில் இருப்பவரும் வாங்குகிற சரக்கு. கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார் என்று எழுதியிருக்கிறது. கடையை மூடினாள் என்று எழுதியிருக்கவில்லை. வீட்டைத் திறந்தாள் என்பதுதான் இருக்கிறது. பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நேரே அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். யோப்பாவில் தொற்காள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். துணியோடு வாழ்ந்த விசுவாசிகள் வேதத்தில் குறைவாக இல்லை.

ஆகவே வேலையில் இருங்கள். ஆனால் இருக்கிற இடத்தில் யோவான் சொன்ன அளவுக்கு நெருக்கமாக நடந்து பாருங்கள். 800 கேட்டவர்களுக்கு முதலில் 800ஐ எடுத்துப் போடுங்கள். அவர்களாகக் கேட்டால் அதற்கு மேலே காட்டுங்கள். நஷ்டம் வரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் இன்சென்டிவ் குறையும், பேச்சும் கேட்பீர்கள். விசுவாச வளர்ச்சி என்று நாம் தனியாக ஒரு இடத்தைத் தேடிப் போகிறோம். உங்களுக்கு அந்தக் கவுண்டர்தான் இடம் என்று நினைக்கிறேன். முக்கூடல் அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அன்றைக்கு நீங்கள் வேதத்தை வாசிக்காமல் தூங்கியிருந்தாலும் ஆண்டவர் அதைக் கணக்கில் வைத்திருப்பார்.

பட்டியலைப் பற்றி. நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகமெங்கும் இருந்து மிஷனரிகள் வந்து கூடிய சபை அது. அங்கே ஓர் இந்தியர் எழுந்து, நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஐத்தான் அவர் அங்கே நிறுத்தினார். அந்தப் பேச்சு அவையில் பலருக்குக் கசந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலின் பேராயரானார். உங்கள் சபையில் சேலையைத் தானமாக வாங்கப்போகிற பன்னிரண்டு பேரும் அதே வரியைத்தான் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சேலையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்களா? ஒருவரிடமாவது என்ன விலையில் எடுக்கலாம் என்று கேட்டார்களா? அதைத் தலைவி அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ஐயாவின் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு போகிற போக்கில் ‘கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி எதற்கு, எளிமையாக இருக்கலாமே’ என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் துணி சும்மா வந்ததில்லை. தென்திருவிதாங்கூரில் என் பாட்டியின் பாட்டி காலத்தில் மார்பின்மேல் சீலை போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். ஆலயங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று புத்தகத்தில் வாசிக்கிறோமே, அது எங்கள் வீடுகளில் நடந்தது. சென்னை மாகாண ஆளுநர் டிரெவெல்யன் திருவிதாங்கூர் அரசை நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26ஆம் தேதி அறிக்கை வந்தது. அதிலும் என்ன எழுதினார்கள் தெரியுமா? குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று எழுதினார்கள். மெல்லிய துணி உனக்கு இல்லை, முரட்டுத் துணி போதும் என்று அரசாங்கமே முத்திரை குத்திச் சொன்னது. அதே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நம் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் சொந்தச் சம்பாத்தியம் வர வழிசெய்தார்.

இந்தச் சரித்திரம் உள்ள ஒரு ஜனம் ஆண்டவர் பிறந்தநாளில் நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போவதை நான் பொருளாசை என்று சொல்ல மாட்டேன். என் தாயாருக்கு வருடத்துக்கு ஒரு புதுச்சேலைதான். அது கிறிஸ்மஸ் சேலை. அதிகாலை ஆராதனைக்கு அதை உடுத்தி, மல்லிகைப்பூ வைத்து, நிமிர்ந்து நடந்து போவார்கள். அந்த நிமிர்வு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது தேவன் கொடுத்த மதிப்பு என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆனால் தம்பி, இதே காரணத்துக்காகத்தான் உங்கள் சபை மெரூன் சேலையைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது. ஒரு காலத்தில் துணியைக் காட்டித்தான் நம்மைத் தள்ளி நிறுத்தினார்கள். இன்று ஆலயம் பெருக்குகிற அந்த அம்மா ஒரு சேலை இல்லாததால் பவனிக்கு வெளியே நிற்கிறார்கள், அதுவும் நம்முடைய சபையில். யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் மினுக்கான வஸ்திரம் தரித்தவனுக்கு நல்ல இடமும், அழுக்கான வஸ்திரம் தரித்தவனுக்கு ‘நீ அங்கே நில்லு’ என்பதும் நடக்கிறது. நாம் வாயைத் திறந்து நில்லு என்று சொல்வதில்லை. நிறத்தைத் தீர்மானித்துவிட்டால் போதும், அவர்களாகவே போய் நின்றுகொள்கிறார்கள்.

இன்னொன்று, இந்த ஒரே நிறச் சேலை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் சபையில் இது கிடையாது. பாடகர் குழுவுக்கு மட்டும் வெள்ளைச்சேலை. வெள்ளைச்சேலை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், துவைத்துக் கஞ்சி போட்டால் போதும். இப்போது பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒன்று, சபை விருந்தான அசனத்துக்கு ஒன்று, கிறிஸ்மஸுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. எல்லாம் ஒரே நாள் உடுத்தி அலமாரிக்குள் போகிற சேலைகள். புகைப்படம் அழகாக வருகிறது. அழகைக் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தில் யார் இல்லை என்று பார்க்கச் சொல்கிறேன்.

என் யோசனை எளியது. சேலையை எடுக்காதீர்கள், நிறத்தை மட்டும் சொல்லுங்கள். மெரூன் சாயல் உள்ள சேலை, இருக்கிறதை உடுத்தி வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இல்லை, புதிதாகத்தான் வேண்டும் என்றால் சங்கத்தில் மிகவும் வசதி குறைந்தவர் என்ன விலை சொல்கிறாரோ அந்த விலையில் எல்லோரும் எடுக்க வேண்டும். மேலே உள்ளவர்கள் இறங்கி வரட்டும். கோ-ஆப்டெக்ஸ் பருத்திச் சேலையில் நாற்பது வருடம் பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் யாரும் என்னைக் குறைவாகப் பார்த்ததில்லை.

உங்கள் இன்சென்டிவ் போய்விடும் என்பதை அறிவேன். அதற்காக வருந்துகிறேன்.

முன்னாள் விற்பனைப் பெண், கோவில்பட்டி

அண்ணன், நான் பதினெட்டு வயதில் சென்னைக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் சுரிதார் பிரிவில் வேலை பார்த்தவள். கடையே விடுதியும் சாப்பாடும் கொடுத்தது. இப்போது ஊரில் தையல் வேலை. எல்லோரும் வாங்குகிறவர்களைப் பற்றியும் உடுத்துகிறவர்களைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். விற்கிற பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை.

எங்கள் ஃப்ளோரில் ஸ்டூல் கிடையாது. சாய்ந்து நின்றால் கூட மைக்கில் பெயரைக் கூப்பிடுவார்கள். இரவில் விடுதியில் ஆளுக்கு ஆள் காலை நீவிவிடுவோம். எனக்கு அப்போதே நரம்பு புடைக்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். ஆராதனை முடித்து, கையில் வேதப்புத்தகப் பையோடு நேரே துணி எடுக்க வருகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அதே விசுவாசிதான், என்னால் ஆராதனைக்குப் போக முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்து, ‘நீ சர்ச்சுக்குப் போனாயா மகளே’ என்று கேட்டார்கள். அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது மறந்துவிட்டது, கேட்டது மறக்கவில்லை.

கேரளத்தில் கோழிக்கோட்டுத் தையல்காரப் பெண் விஜி, கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு உட்காரும் உரிமைக்காகப் போராடினார். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும், இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஃப்ளோரில் இருக்கை இருக்கிறதா அண்ணன்? இருந்தால் அதில் யாராவது உட்காருகிறார்களா? நீங்கள் மூத்த ஆள். நீங்கள் ஒரு நிமிடம் உட்கார்ந்தால்தான் புதிதாகச் சேர்ந்த பிள்ளை உட்காரத் துணியும். பொருளாசையைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு பிரசங்கத்திலாவது, இரவு ஒன்பது மணிக்கு மேல் துணி எடுக்கப் போகாதீர்கள், அங்கே நிற்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லக் கேட்டதில்லை. குருவானவர் ஐயா இதை வாசிப்பதால் கேட்கிறேன். இந்த அட்வெந்தில் ஒரு ஞாயிறாவது பீடத்திலிருந்து அதைச் சொல்லுங்கள் ஐயா.

கிராமச் சேகரத்துக் குருவானவர்

சொல்கிறேன் மகளே. இதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இந்த ஞாயிறே அறிவிப்பில் சொல்லி, ஜெபத்திலும் சேர்க்கிறேன்.

ஜவுளிக்காரன், பாளையங்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானது. நேற்றுத்தான் தலைவி அம்மாவைப் பார்க்க முடிந்தது.

டீச்சர் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் முகம் வாடினார்கள். 30 பேரிடம் முன்பணம் வாங்கியாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்றார்கள். பிறகு, அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது தீர்மானக் கூட்டத்தில் இருந்தார்களா என்று ஐயா கேட்ட கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய்ப் பட்டியல் எழுதிய நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். சேலை எடுப்பதில்லை, மெரூன் சாயலில் இருக்கிறதை உடுத்தலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் இரவே போட்டுவிட்டார்கள். சிலருக்கு மனத்தாங்கல்தான். என்னிடமே இரண்டு பேர் காட்டமாகப் பேசினார்கள். முன்பணத்தை இந்த வாரம் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆலயம் பெருக்குகிற அம்மாவிடம் மெரூன் சேலை இருக்கிறதா என்று என் மனைவி விசாரித்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்தது ஒன்று பெட்டியில் இருக்கிறதாம், கரைகூட மங்கவில்லையாம். பவனியில் முன்வரிசையில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆயத்தமாயிரு என்ற பெயரில் எழுதிய சகோதரரே, நீங்கள் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. கடையில் பொய் சொல்லச் சொல்கிற நாள் வந்தால் எழுந்து வந்துவிடுவேன். இதுவரை அந்த நாள் வரவில்லை. 800 கேட்டால் 800ஐ எடுத்துப் போடத் தொடங்கிவிட்டேன். இந்த மாதக் கணக்கு வரும்போது சூப்பர்வைசர் கேட்பார். கேட்டால் காரணத்தைச் சொல்வதென்று இருக்கிறேன். முன்பு என்னிடம் வாங்கியவர்கள் இரண்டு குடும்பம் திரும்ப வந்து, என் கவுண்டரைத் தேடி நின்றார்கள் என்பதையும் அவரிடம் சொல்வேன்.

தங்கச்சி, நீ கேட்டது என்னை உலுக்கிவிட்டது. எங்கள் ஃப்ளோரில் ஸ்டூல்கள் இருக்கின்றன. கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன, அவற்றின்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நேற்று மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு ஸ்டூலில் இருந்த பெட்டிகளை இறக்கி ஓரமாக வைத்தேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். பக்கத்துக் கவுண்டர் பிள்ளை ஆலங்குளத்துக்காரி, வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ‘உட்காரலாமா அண்ணாச்சி’ என்று கேட்டுவிட்டு, படியேறி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டப் பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேச நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். அட்வெந்து ஞாயிறுகளில் சபைக்குப் போகிறவர்கள் 11 மணிக்கு வந்தால் போதும், அதற்கு ஈடாகப் பொங்கல் சீசனில் நாங்கள் காலையில் முன்னதாக வருகிறோம் என்றும் கேட்கப்போகிறோம்.

குருவானவர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். லூக்கா 3ஐப் பற்றி எங்கள் வாலிபர் கூட்டத்தில் வந்து பேசுவீர்களா? என் மகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். கைபேசியில் உடைகளைப் பார்த்துப் பார்த்துக் கூடையில் சேர்த்து வைக்கிற வயது. என் வாயால் கேட்டால் அறிவுரையாகிவிடும். வியாழன் மாலைக் கூட்டத்துக்கு எனக்கு வர முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைத்தால், மேலாளர் ஒப்புக்கொள்கிற பட்சத்தில், நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.